குடும்பச் சூழ்நிலை காரணமாக

கண்ணு,

உன் ராஜினாமா கடிதத்தை எழுதியவன் நான்தான். இது உனக்குத் தெரியும், உன் அம்மாவுக்குத் தெரியும், அன்றைக்கு நம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து காபி குடித்த கட்சிக்காரர்கள் ஐந்து பேருக்கும் தெரியும். ஊருக்குத் தெரியாது. வருகிற செவ்வாய்க்கிழமை நகராட்சிக் கூட்டத்தில் உன் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வருகிறது. அதற்கு முன்னால் ஊருக்கும் தெரிந்துவிடட்டும் என்றுதான் இதை உறையில் போட்டு ஒட்டாமல் எழுதுகிறேன். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நான்கு தெருதான். நேரில் வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்று சொல்வேன், நீ "சரிங்கப்பா" என்பாய். நீ ஒன்று சொல்வாய், நான் "சரி கண்ணு" என்பேன். உன் அம்மா பணியாரம் கொண்டுவந்து வைப்பாள். எதையும் ஒப்புக்கொள்ளாமலே எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டு இருவரும் எழுந்துவிடுவோம். நம் பக்கத்தில் பாதிக் காரியம் கெட்டது இப்படித்தான். மீதிப் பாதி நடந்ததும் இப்படித்தான்.

நான் ஆயுசு முழுக்க சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேஜை போட்டுப் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். கிரயம், தானம், பாகப்பிரிவினை என்று ஊரின் பாதி நிலம் என் பேனா வழியாகத்தான் கைமாறியது. அந்தத் தொழிலில் முதலில் எழுதுவது தேதி. வருடம், மாதம், நாள் எழுதாமல் பேனா அடுத்த வரிக்கு நகராது. பெயரில் பிழை வந்தால் திருத்தப் பத்திரம் எழுதலாம், அளவில் பிழை வந்தால் அதற்கும் வழி உண்டு. தேதி இல்லாத பத்திரத்துக்கு மருந்தே கிடையாது. "தேதிய மட்டும் விட்டு எழுதிக் குடுங்க, பின்னால போட்டுக்கறோம்" என்று கேட்டு வந்தவர்கள் பலர். அத்தனை பேரையும் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வாழ்க்கையில் ஒரே ஒரு காகிதத்தை மட்டும் தேதி போடாமல் எழுதினேன். அது நான் பெற்ற மகளுக்கு.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். நகராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கீடு வந்ததும் நம் கட்சியின் இரண்டு கோஷ்டிக்கும் பெண்கள் மீது திடீரென்று பெரிய மரியாதை வந்துவிட்டது. நகரச் செயலாளர் கோஷ்டி செயலாளரின் மனைவியை நிறுத்தப் பார்த்தது. ஒன்றியச் செயலாளரின் ஆட்கள் அவருடைய மருமகளை நிறுத்தப் பார்த்தார்கள். ஒருவர் வீட்டுப் பெண்ணை இன்னொருவர் ஏற்கவில்லை. கடைசியில் இரண்டு கோஷ்டிக்கும் வேண்டாதவளாக இல்லாத, இரண்டு கோஷ்டிக்கும் வேண்டியவளாகவும் இல்லாத ஒருத்தியைத் தேடினார்கள். சரவணம்பட்டி கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்த உன் ஞாபகம் அப்போது வந்தது. "படிச்ச புள்ளைங்க. அமைதியான புள்ளைங்க. நமக்கு இதானுங்ணா வேணும்" என்றார் செயலாளர். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எம்பட புள்ள நான் கிழிச்ச கோட்டத் தாண்ட மாட்டாளுங்க" என்றேன். நான் பெருமையாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அவர்கள் ஜாமீனாக எழுதிக்கொண்டார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. பெற்ற மகளுக்கு அவளைக் கேட்காமல் ஜாமீன் போட்டவன் நான். இது நான் செய்த முதல் தப்பு.

இரண்டாவது தப்பு அடுத்த பத்து நிமிடத்தில் நடந்தது. "ஒரு சம்பிரதாயமுங்ணா. செயிச்சதுக்கு அப்புறம் யாரு எப்படி மாறுவாங்கன்னு சொல்ல முடியாதில்லீங்களா. எல்லார்கிட்டயும் ஒரு ராஜினாமா வாங்கி வெச்சுக்கறதுதான். தேதி மட்டும் விட்டுருங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஏனென்றால் அவர் கூடவே, "உங்க கைல எழுதினீங்கன்னா ஒரு லட்சணமா இருக்குமுங்க" என்றும் சொன்னார். என் எழுத்தை யாராவது பாராட்டினால் நான் எதையும் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்பது இந்த ஊரில் ரகசியம் இல்லை. காரணம் என்ன போடுவது என்று கேட்டேன். "எதாச்சும் போடுங்ணா" என்றார். உடம்பு சரியில்லை என்று எழுத மனசு வரவில்லை, பெற்ற வாயால் அப்படிச் சொல்வானேன் என்று. "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று எழுதினேன். நடுவில் காபித் தட்டோடு வந்த உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பொறக்காத கொழந்தைக்குக் கருமாதிப் பத்திரிகை அடிக்கறீங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் அந்தக் காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, "ஏனுங்கப்பா, இன்னும் வார்டு எலெக்சனே வரலீங்க. அதுக்குள்ள நான் எதுலிருந்துங்க வெலகறது?" என்று கேட்டாய். அதற்கும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். பிறகு நீ என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாய். வகிக்காத பதவியிலிருந்து விலகிய முதல் ஆள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நீயாகத்தான் இருப்பாய்.

இதற்கெல்லாம் முந்தைய கதை ஒன்று உண்டு. அதை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நீ எட்டாம் வகுப்பு படித்தபோது நம் ஊர் பேரூராட்சியாக இருந்தது. தலைவராக ரசாக் பாய் இருந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பம்ப் செட் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர், நம் கட்சிக்காரர்தான். அவர் செய்த ஒரே காரியம், குடிநீரை எல்லாத் தெருவுக்கும் முறை வைத்துத் திறந்துவிட்டது. அதுவரைக்கும் தினமும் தண்ணீர் வந்துகொண்டிருந்த நாலு தெருவுக்கு, மற்றவர்களைப் போல வாரம் ஒரு முறை வர ஆரம்பித்தது. அந்த நாலு தெருவில்தான் கட்சியே குடியிருந்தது. அவரை இறக்க வேண்டும் என்று முடிவானதும் குற்றச்சாட்டு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். பதினோரு குற்றம் எழுதினேன். கூட்டத்தில் உறுப்பினர்களைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தார் என்பது ஒன்று. அலுவலகத்துக்கு வராமல் தன் கடையில் உட்கார்ந்தபடியே கோப்புகளைப் பார்த்தார் என்பது இன்னொன்று. மில் வேலைக்குப் போகிற சனங்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு அலையக் கூடாது என்று சாயங்காலங்களில் கடையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் மனுசன். அதைத்தான் குற்றமாக எழுதினேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து என் தோள் மேல் சாய்ந்துகொண்டு படித்துவிட்டு, "இதுல எதுங்கப்பா நெசம்?" என்று கேட்டாய். "தமிழ் எப்படி இருக்குது, அதச் சொல்லு" என்றேன். நல்லாருக்குதுங்கப்பா என்றாய். எனக்கும் அது போதுமாக இருந்தது.

தீர்மானம் நிறைவேறி நாலைந்து நாள் கழித்து ரசாக் பாய் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். "இந்த ஊர்ல ஒரு பக்கத்துல பதினாலு 'மேற்படி' எழுதற ஆளு நீங்க ஒருத்தர்தானுங்க" என்றார். கோபமே இல்லை. டீ வரவழைத்துக் குடித்தார். "பதினோரு குத்தம் எழுதிருக்கீங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. தண்ணியப் பத்தி ஒரு வார்த்தை இல்லீங்களே?" என்று மட்டும் கேட்டார். அவர் பையிலிருந்து ஒரு பழைய பத்திரத்தை எடுத்து, மகனுக்கு வீட்டு மனை வாங்குவதாகவும் கிரயம் நான்தான் எழுத வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் அவர் குடும்பத்தின் ஒரு பத்திரத்தைக்கூட வேறு ஆளிடம் கொடுத்ததில்லை. திட்டியிருந்தால் நான் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

இந்தக் கதையிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. நீயும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒருவரைப் பதவியிலிருந்து இறக்கக் கொண்டுவருகிற காகிதத்தில் எல்லாம் இருக்கும், காரணம் மட்டும் இருக்காது. காரணத்தை எழுத முடிந்தால் அவரை இறக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. ஆகவே காகிதத்தில் எது இல்லை என்று தேடு.

உன் மேல் வந்த காகிதத்தில் இல்லாத சொல் பள்ளம். ஊரின் மேற்குப் பக்கத்தில் மழைத் தண்ணீர் ஓடுகிற பள்ளத்தைப் பாதி மூடித் தார் ரோடு போட்டால், அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற தென்னந்தோப்பு ஒரே நாளில் மனைப்பிரிவு ஆகிவிடும். தோப்பு யாருடையது என்று எழுத வேண்டியதில்லை. செயலாளரைக் கேட்டால் தனக்குத் தெரியாது என்று சொல்லுவார், அந்த அளவுக்கு அவருக்குத் தெரியும். மூன்று மாதமாக அந்தப் பொருளை அஜெண்டாவில் வைக்கச் சொன்னார்கள். நீ, "மழை பேஞ்சா தண்ணி எந்த வழியாப் போகும்னு எழுதிக் குடுங்க, வெக்கறேன்" என்று சொன்னாய். அவ்வளவுதான் நீ சொன்னது. சத்தம்கூடப் போடவில்லை. அமைதியான புள்ளை என்று கூட்டி வந்தவர்களுக்கு அமைதியின் இன்னொரு குணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. நம் கட்சிக்காரர்களே தீர்மானம் கொண்டுவந்ததில் மிகவும் வருத்தப்பட்டவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள். அவர்களில் ஒருவர் டீக்கடையில் என்னைப் பார்த்து, "ஏனுங்க, ஆளுங்கட்சித் தலைவர் மேல தீர்மானம் கொண்டாரது எங்க வேலைங்க. அதையும் உங்க ஆளுகளே செஞ்சுபோட்டா நாங்க எதுக்குங்க இருக்கறோம்?" என்று குறைப்பட்டுக்கொண்டார். கடைசியில் அவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கட்சிகளுக்குள் இவ்வளவு ஒற்றுமையை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை.

புதன்கிழமை உன் மேல் சொன்ன குற்றச்சாட்டின் நகல் என் கைக்கு வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். முதல் பத்தி நன்றாக இருந்தது. இரண்டாவது பத்தி இன்னும் நன்றாக இருந்தது. மூன்றாவது பத்தியை இரண்டு தடவை படித்தேன். மேற்படி தலைவி கூட்டத்தில் உறுப்பினர்களைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தார். மேற்படி தலைவி அலுவலகத்துக்கு வராமல் தமது கடையில் அமர்ந்தபடியே கோப்புகளைப் பார்க்கிறார். உனக்கு ஏது அம்மணி கடை? ரசாக் பாய்க்கு நான் எழுதிய அதே பதினோரு குற்றம்; பழைய கோப்பில் பத்திரமாக வைத்திருந்து, இரண்டை வெட்டிவிட்டு, தலைவரைத் தலைவியாக்கி, பம்ப் செட்டை எடுத்துவிட்டு, கடையை எடுக்க மறந்துவிட்டார்கள். என் மகளை இறக்க என் தமிழையே எடுத்திருக்கிறார்கள். எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய கௌரவம் கிடைக்காது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அன்றைக்கு மத்தியானம் ரசத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் ஊற்றினாள்.

அதற்குள் உறுப்பினர்களை வேனில் ஏற்றிக் குன்னூர்ப் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தையல் வேலை செய்கிற சரஸ்வதி, பக்கத்து வார்டு உறுப்பினர், உனக்கு அக்காளாட்டம் இருந்தவள், வியாழக்கிழமை அங்கிருந்து எனக்குப் போன் செய்தாள். "ஏனுங்ணா, இங்க ஒரே குளிருங்க. மூணு வேளையும் தயிர் சோறு, தக்காளிச் சோறு. கூட்டி வந்தவிய ஆடு, கோழின்னு சொல்லி வெச்சுப்போட்டாங்களாமா. புரட்டாசிங்கறது யாருக்கும் ஞாபகமில்லீங்க. எங்க பன்னண்டாவது வார்டு பாய் மட்டுந்தானுங்க நல்லாச் சாப்புடறாரு." நீயும்தானே கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டேன். "ஊட்டுக்கே வந்துட்டாங்கண்ணா. தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. கொழந்தைகள விசாரிச்சாங்க. அப்பறம் காகிதத்த நீட்டறப்ப எப்படீங்ணா இல்லீங்கறது? படிக்கக்கூட இல்லீங்க, படிச்சா நம்பலீன்னு நெனச்சுக்குவாங்களாட்டம் இருந்துச்சுங்க." அவளை நான் திட்டவில்லை. நம் ஊரில் வீட்டுக்கு வந்தவர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லாமல் இருப்பதை மரியாதை என்று நாமே வளர்த்துவிட்டோம். அந்த மரியாதையை வைத்துத்தான் இங்கே தலைவர்களை ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள். வேறு ஊரில் இதற்கு அடியாள் வேண்டும். நமக்கு ஒரு சொம்புத் தண்ணீர் போதும்.

அன்றைக்குச் சாயங்காலம் உன் செய்தி வந்தது. "நானே எழுதிக் குடுத்துட்டு இறங்கிக்கறனுங்கப்பா. உங்களுக்கு எதுக்குங்க சங்கடம்." எனக்கு இருபது வயது கூடியது. நீ எனக்காக இறங்கப் பார்க்கிறாய். கட்சியில் எனக்கு இருக்கிற பேர், கடைவீதியில் எனக்குக் கிடைக்கிற வணக்கம், இதெல்லாம் போய்விடும் என்று பயப்படுகிறாய். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள், இன்றைக்கும் என் முகத்தைப் பார்க்கிறாய். பதில் எழுத உட்கார்ந்து, "சரி கண்ணு" வரைக்கும் எழுதிவிட்டு அழித்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் செயலாளரே வீட்டுக்கு வந்தார். என் முழங்கால் வலியை விசாரித்தார். சோமனூரில் நடந்த ஒரு கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். மழை இல்லை என்று கவலைப்பட்டார். மழை வந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"பாப்பாவக் கொஞ்சம் கவுரவமா எறங்கிக்கச் சொல்லுங்ணா. அடுத்த தடவ நல்லதா ஒண்ணு பாத்துக்கலாமுங்க."

"அவ என்னங்க தப்பு செஞ்சா?"

"தப்பா? யாருங்ணா சொன்னாங்க? தங்கமான புள்ளைங்க. தப்பு செஞ்சிருந்தா நாம கூப்புட்டுப் பேசி முடிச்சிருக்க மாட்டமுங்களா?"

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். தப்பு செய்கிறவர்களோடு அவர்களால் பேச முடியும். உன்னோடு பேச அவர்களிடம் எதுவும் இல்லை.

"அதான் தீர்மானம் இருக்குதுங்களே. ஓட்டுப் போட்டே எறக்கிப்போடுங்க" என்றேன்.

"எதுக்குங்ணா கூட்டம், கூச்சல்? பாப்பா எந்திரிச்சுப் பேசும். பேசினா அத நடவடிக்கைக் குறிப்புல ஏத்தோணும். மேல இருக்கறவங்களுக்குப் பதில் சொல்றது யாருங்க?" சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து மேஜை மேல் விரித்து வைத்தார். "நம்மகிட்டத்தான் எழுத்து இருக்குதுங்களே. தேதி மட்டுந்தானுங்க பாக்கி. வேற ஆளு போட்டா எழுத்து வித்தியாசம் காட்டிப்போடுமுங்க. உங்க கையாட்டம் வராது. அதானுங்ணா உங்ககிட்டயே கொண்டாந்தேன்."

கண்ணு, அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். என் எழுத்து நன்றாகத்தான் இருந்தது. கீழே உன் கையெழுத்து. மேலே இடது பக்கம் "நாள்" என்று எழுதி நான் விட்டுவைத்த வெற்றிடம். அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம் என்று நீ சொல்லுவாய். ஆயுசில் ஒரு பத்திரத்தைக்கூடக் கிழித்ததில்லை, இந்த வயசில் கை வராது. முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். எதிரில் இருப்பவர் என் வீட்டு மோரைக் குடித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து உள்ளே போனேன். பேனா எடுக்கப் போகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். பேனா என் பையில்தான் இருந்தது. நான் போனது பழைய நாட்குறிப்பை எடுக்க. அன்றன்றைக்கு என்ன எழுதினேன் என்று ஒரு வரி குறித்துவைப்பது என் தொழில் பழக்கம். தேடி எடுத்தேன். கதவுக்குப் பக்கத்தில் உன் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்ததை நீ நம்பமாட்டாய். திரும்பி வந்து உட்கார்ந்து, பொறுமையாக, என் கையாலேயே, அந்த வெற்றிடத்தில் தேதியைப் போட்டேன். அந்தக் கடிதத்தை நான் எழுதிய நாளின் தேதி. வேட்புமனு தாக்கலுக்கும் முந்தைய நாள். நீ உறுப்பினராகக்கூட இல்லாத ஒரு நாள். மை காய்கிற வரைக்கும் ஊதிவிட்டுத்தான் கொடுத்தேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "ஏனுங்ணா, இதென்னங்க தேதி?"

"எழுதுன தேதிங்க. எந்தப் பத்திரமானாலும் எழுதுன தேதியத்தானுங்க போடோணும்."

"இத வெச்சு என்னங்ணா பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றேன்.

முடியாது என்ற சொல்லை வீட்டுக்கு வந்த ஒருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. 'ங்க' போட்டுத்தான் சொன்னேன். அதைப் போட்டாலும் சொல்ல முடிகிறது என்று இந்த வயதில்தான் தெரிந்தது. அவர் மிச்ச மோரைக் குடிக்காமல் எழுந்தார். வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன். "நீங்களா இப்படிங்ணா?" என்று கேட்டார். அந்த வருத்தம் நிஜமானது. இத்தனை வருஷமாக நான் அவருக்குத் தெரிந்த ஆளாக இருந்தேன். உள்ளே வந்ததும் உன் அம்மா, "அன்னைக்கே போட்டிருக்கோணும்" என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனாள். இராத்திரிச் சாப்பாட்டில் ரசம் தட்டிலேயே விழுந்தது.

இன்று காலை ரசாக் பாய் வீட்டுக்குப் போயிருந்தேன். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி நன்றாக இருக்கிறார். பழைய பதினோரு குற்றமும் எழுதியது நான்தான் என்று ஒரு தடவையாவது என் வாயால் சொல்ல வேண்டும் என்று போனேன். "அது எனக்குத் தெரியாதுங்களா? இத்தன வருசம் கழிச்சு வந்து சொல்றதுக்கு பிரியாணி நாள் பாத்து வந்திருக்கக் கூடாதுங்களா, புரட்டாசில வந்திருக்கீங்க" என்றார். உன் மேல் வந்திருக்கிற குற்றச்சாட்டைக் கொடுத்தேன். வரி விடாமல் படித்தார். கடை வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். "என்ற கடைய இன்னும் விடலீங்களா இவங்க?" பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "செவ்வாய்க்கெழம நான் வாரேனுங்க. கடையப் பத்திப் பேசறப்பக் கடைக்காரன் அங்க இருக்கோணுமல்லங்க. உள்ள விடலீன்னா வாசல்ல ஒரு சேரப் போட்டு ஒக்காந்துக்கறேன்" என்றார். அவரை இறக்கிய அன்று அவருக்காக வாசலில் ஒருவரும் நிற்கவில்லை. நான் எதிர்க்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே அம்மணி, நீ இறங்காதே. இறக்குகிறவர்கள் கையை உயர்த்தி இறக்கட்டும். அவர்களிடம் இனி இருப்பது ஓட்டு மட்டும்தான். அது நேரான ஆயுதம்; அதில் தோற்பதில் அவமானம் எதுவும் இல்லை. தோற்பாய் என்றுதான் நினைக்கிறேன், உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். வேனில் போனவர்கள் வேனிலேயேதான் வருவார்கள். ஆனால் சட்டப்படி ஓட்டுக்கு முன்னால் நீ பேசலாம். நீ கடையைப் பற்றிப் பேசாதே, சிரித்ததைப் பற்றிப் பேசாதே. என் தமிழுக்கு நீ பதில் சொல்ல வேண்டியதில்லை, அதற்கு நான் சொல்லிக்கொள்கிறேன். எழுந்து பள்ளம் என்று சொல். எந்தப் பள்ளம், எவ்வளவு அகலம், மழைக்கு அதன் வழியாக எந்தெந்தத் தெருத் தண்ணீர் போகிறது என்று நிதானமாகச் சொல். நடவடிக்கைக் குறிப்பில் ஏறுகிற வரைக்கும் சொல். பிறகு யார் வேண்டுமானாலும் அந்த நாற்காலியில் உட்காரட்டும். உட்காருகிறவர் அந்தப் பக்கத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும். சரஸ்வதி கையை உயர்த்தினாலும் அவளைப் பார்த்துச் சிரி. உண்மையாகவே சிரி. அந்தக் குற்றமாவது நிஜமாக இருக்கட்டும்.

என் பேர் கெடும் என்று கவலைப்படாதே. அது இதுவரைக்கும் கெடாமல் இருந்ததுதான் என் மேல் உள்ள குற்றச்சாட்டு. இந்தக் கடிதத்தின் நகல் நகராட்சி ஆணையருக்குப் போகிறது, எல்லா உறுப்பினர்கள் வீட்டுக்கும் போகிறது, பஸ் ஸ்டாண்டு டீக்கடைச் சுவரிலும் ஒன்று ஒட்டப்படும். நம் ஊரில் கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் படிக்கப்படும்.

கடைசியாக, குடும்பச் சூழ்நிலை. அதைக் காரணமாக எழுதியவன் என்ற முறையில் சாட்சியும் நானே சொல்ல வேண்டும். உன் அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வாய் எப்போதும் போல. என் முழங்கால் படி ஏற மறுக்கிறது, ஆனால் நகராட்சி வாசலுக்குப் படி மூன்றுதான். மாப்பிள்ளை அன்றைக்கு லீவு போட்டிருப்பதாக நேற்றுச் சொன்னார். உன் மகன் கணக்கில் எடுத்த மார்க்கைப் பற்றி இந்தக் கடிதத்தில் வேண்டாம். இவை தவிர, பதவி விலகும் அளவுக்கு நம் குடும்பத்தில் எந்தச் சூழ்நிலையும் இல்லை. செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குக் குடும்பம் முழுவதும் வாசலில் நிற்கும், ரசாக் பாயின் சேருக்குப் பக்கத்தில்.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி.

தேதியை உன் அம்மா பார்த்துவிட்டாள். சரியாக இருக்கிறதாம்.

உன் அப்பா